திறந்த போனும் உங்கள் பணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ற ஆண்டு என் சித்தி பஸ் ஸ்டாப்பில் நின்று பேரனின் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்கில் வந்த இருவர் அந்தப் போனைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனார்கள். அரை மணி நேரத்துக்குள் கணக்கிலிருந்த பணம் போய்விட்டது. "பின் நம்பரை நான் யாருக்குமே சொன்னதில்லையே" என்று அவர் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் சொன்னது உண்மை. அவருடைய யு.பி.ஐ. பின் யாருக்கும் தெரியாமலேதான் பணம் போனது. அதன்பிறகு சொந்தக்காரர்களும் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களும் என்னிடம் மாற்றி மாற்றிக் கேட்ட கேள்விகளையும், நான் தேடித் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்கிரீன் லாக் போட்டிருக்கிறேன். அது போதாதா?

போன் பூட்டியிருக்கும்போது போதும். பறிப்பவர்கள் குறிவைப்பதோ திரை எரிந்துகொண்டிருக்கும் போனை. மேப் பார்த்துக்கொண்டே நடப்பவர், ரயில் ஜன்னலோரம் வீடியோ பார்ப்பவர், ஆட்டோவில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பேசுபவர் ஆகியோரின் போன் திறந்தபடியே திருடர்கள் கைக்குப் போகிறது. அந்த நேரத்தில் எட்டு இலக்கப் பூட்டு போட்டிருந்தும் பயனில்லை.

திரை தானாக அணையும் நேரத்தை முதலில் பாருங்கள். சமையல் வீடியோவுக்காகப் பத்து நிமிடம் என்று வைத்து, அப்படியே மறந்துவிட்டவர்கள் ஏராளம். 30 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள்.

யு.பி.ஐ. பின் தெரியாமல் எப்படிப் பணம் எடுக்க முடியும்?

இதுதான் சித்தி கேட்ட கேள்வி. பின் தெரியவே வேண்டாம், புதிதாக ஒன்று போட்டுவிடலாம். "பின் மறந்துவிட்டது" என்று கொடுத்தால் ஆப் இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று, டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் அது காலாவதியாகும் மாதம், வருடமும். மற்றொன்று, ஆதார் எண்ணின் முதல் ஆறு இலக்கம். எந்த வழியில் போனாலும் அடுத்து ஓ.டி.பி. வரும். அது எங்கே வரும்? பறிபோன அதே போனுக்கு.

வங்கி உங்களை அடையாளம் காண்பது அந்த எண்ணுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.ஸை வைத்துத்தான். திறந்த போன் யார் கையில் இருக்கிறதோ, வங்கியின் பார்வையில் அவர்தான் நீங்கள். இடையில் மிச்சமிருக்கும் ஒரே தடை கார்டு விவரமோ ஆதார் எண்ணோதான். சித்தியின் போன் கவருக்குள் ஏ.டி.எம். கார்டு இருந்தது. சில வங்கிகள் பின்னை மாற்றும்போது ஏ.டி.எம். பின்னையும் கேட்கும், அவருடைய வங்கியும் கேட்டது. அந்த நான்கு இலக்கம் காண்டாக்ட்ஸில் "ஏடிஎம்" என்ற பெயரில் பதிவாகியிருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கவருக்குள் கார்டு வைக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. பஸ்ஸில் போகும்போது பர்ஸைத் தேட வேண்டாம், எல்லாம் ஒரே கையில் இருக்கும் என்பது வசதிதான். அதே வசதி பறிப்பவனுக்கும் கிடைக்கிறது. வைஃபை அலைக்குறி போட்ட கார்டாக இருந்தால் இன்னும் மோசம். 5000 ரூபாய் வரை பின் போடாமலே கடை மெஷினில் தட்டிவிட்டுப் போகலாம்.

அப்படியானால் கார்டு, ஆதார் விவரங்களை எங்கே வைப்பது?

போனில் வைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கேலரியைத் திறந்து கார்டின் போட்டோ, பாஸ்புக் முதல் பக்கம், ஆதார், பான் எல்லாவற்றையும் தேடி அழியுங்கள். அழித்தவை சில வாரம் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அங்கேயும் போய் அழியுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்டவை, ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பியவை, வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்காக ஓனருக்கு அனுப்பியவை என்று எல்லாம் அந்தந்த உரையாடலில் அப்படியே இருக்கும். நோட்ஸையும் காண்டாக்ட்ஸையும் பாருங்கள். "அப்பா பேங்க்", "ஏடிஎம் 2" என்ற பெயர்களில் நான்கு இலக்க எண் இருந்தால், அதை முதலில் தேடுவது திருடன்தான்.

ஆதார் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால், மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். யு.பி.ஐ. பின்னை மாற்றத் தேவைப்படுவது முதல் ஆறு இலக்கம் என்பதால், அந்தப் படம் திருடனுக்கு உதவாது. அரசின் ஆவணச் சேமிப்பு ஆப்பான டிஜிலாக்கரில் வைத்தால் அதற்குத் தனி பின் இருக்கிறது. அந்தப் பின்னும் ஸ்கிரீன் லாக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது.

எந்தெந்த ஆப்புக்குத் தனிப் பூட்டு போட வேண்டும்?

பலரும் ஜி-பே, போன்பே, வங்கி ஆப் ஆகியவற்றை மட்டும் பூட்டுகிறார்கள். நான் மெசேஜிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஓ.டி.பி. விழுவது அங்கேதான். அடுத்து ஜிமெயில், ஏனென்றால் எந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுவதற்கும் இணைப்பு அங்கேதான் வரும். பிறகு கேலரி, ஃபைல்ஸ், வாட்ஸ்அப். பணம் அனுப்பும் ஆப்கள் அதற்கும் பிறகு.

ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் ஆப் லாக் அமைப்புகளிலேயே இருக்கிறது. சாம்சங்கில் செக்யூர் ஃபோல்டர் உண்டு. ஐபோனில் 2024 செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 18 முதல், ஆப்பின் படத்தை அழுத்திப் பிடித்தால் முக அடையாளம் கேட்கும்படி வைக்கலாம். இதற்காகப் பிளே ஸ்டோரில் முகம் தெரியாத யாரோ செய்த ஆப் லாக்கை இறக்காதீர்கள். வீட்டுச் சாவியை வழியில் போகிறவரிடம் கொடுப்பது போன்றது அது.

ஆப் லாக்கின் பின்னும் திரையின் பின்னும் வேறுவேறாக இருக்கட்டும். மெசேஜைப் பூட்டிவிட்டு அறிவிப்பில் ஓ.டி.பி. முழுதாகத் தெரிந்தால் பூட்டியது வீண். அறிவிப்பில் உள்ளடக்கத்தைக் காட்டாதபடி மாற்றுங்கள்.

பறித்த உடனே போன் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கூகுள் 2024-இல் இதைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு 10-உம் அதற்கு மேலும் உள்ள போன்களுக்கானது. கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கப்பட்டு, உடனே ஓட்டமோ பைக் வேகமோ தெரிந்தால், போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகள் அதைப் புரிந்துகொண்டு திரையைப் பூட்டும். அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் திருட்டுப் பாதுகாப்பு என்ற இடத்தில் இருக்கிறது. நாமாகத்தான் அதை ஆன் செய்ய வேண்டும்.

எல்லாப் பறிப்பையும் அது கண்டுபிடித்துவிடாது. மெதுவாகக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்து போனால் அதற்குத் தெரியாது. ஆனாலும் ஆன் செய்து வையுங்கள். அதே இடத்தில் தொலைவிலிருந்து பூட்டும் வசதியும் இருக்கிறது. அதை இப்போதே இயக்கி வைத்தால் மட்டுமே ஆபத்து நேரத்தில் உதவும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு?

2024 ஜனவரியில் ஐ.ஓ.எஸ். 17.3-உடன் திருடுபோன சாதனப் பாதுகாப்பு என்ற வசதி வந்தது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கூட்டத்தில் பின்னால் நின்று பாஸ்கோடைப் பார்த்துக்கொண்டு, பிறகு போனைத் திருடும் கும்பல்கள் வெளிநாடுகளில் பெருகின. பாஸ்கோடு ஒன்று தெரிந்தால் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டையே மாற்றி உரியவரை வெளியே தள்ள முடிந்தது. இந்த வசதி ஆனில் இருந்தால், வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே முக்கிய மாற்றங்களுக்குப் பாஸ்கோடு போதாது. முகமோ விரலோ காட்டியாக வேண்டும். ஆப்பிள் பாஸ்வேர்டை மாற்ற ஒரு மணி நேரம் காத்திருந்து மீண்டும் முகம் காட்ட வேண்டும். அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

சிம் கார்டுக்கும் பூட்டு உண்டாமே?

உண்டு, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. போன் பூட்டியே இருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் உங்கள் ஓ.டி.பி. எல்லாம் அங்கே போய் விழும். சிம் பின் வைத்திருந்தால், வேறு போனில் போட்டதும் அந்தப் பின்னைக் கேட்டு நின்றுவிடும்.

வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. முதலில் நிறுவனம் போட்டுவைத்திருக்கும் பின்னைக் கேட்கும். ஊகித்துப் போடாதீர்கள், நிறுவனத்திடமே கேளுங்கள். மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்க நிறுவனம் தரும் பி.யு.கே. எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் செத்துவிடும்.

கைரேகை வைத்திருப்பது பாதுகாப்பா, பின் வைத்திருப்பது பாதுகாப்பா?

கூட்டத்தில் கைரேகை. யாரும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் உங்கள் போனில் யார் யாருடைய விரல்கள் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். வசதிக்காகப் பிள்ளையின் விரலும் தம்பியின் விரலும் பதிவாகியிருக்கும். 2025 அக்டோபரில் யு.பி.ஐ.யிலேயே பின்னுக்குப் பதில் கைரேகையோ முகமோ காட்டிப் பணம் அனுப்பும் வசதி அறிமுகமானது. அதனால் போனில் யாருடைய விரலைச் சேர்ப்பது என்பது இனி பணத்தைப் பற்றிய முடிவும்கூட.

யு.பி.ஐ. லைட் பின் கேட்பதில்லையே, பயமாக இருக்கிறது.

முன்கூட்டியே கொஞ்சம் பணத்தைப் போட்டுவைத்துச் சிறு தொகைகளுக்குச் செலவிடும் வசதி அது. ஒரு தடவைக்கு 1000 ரூபாய், மொத்தமாக 5000 ரூபாய் என்ற அளவுக்குள்தான் இருக்கும். இழப்பு அதில் இருக்கும் தொகையோடு நின்றுவிடும். டீக்கடைக்கும் காய்கறிக் கடைக்கும் அது நல்லது, ஏனென்றால் கூட்டத்தில் நின்று பின்னைத் தட்ட வேண்டியதில்லை. தானாக நிரம்பும் வசதியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் தீரத் தீரக் கணக்கிலிருந்து பணம் வந்துகொண்டே இருக்கும்.

"அண்ணா, ஒரு கால் பண்ணிக்கவா" என்று கேட்டால் கொடுக்கலாமா?

உதவுங்கள், போனைக் கொடுக்காதீர்கள். எண்ணைக் கேட்டு நீங்களே போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, உங்கள் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே அவசரத்தில் இருப்பவர் அதைத் தவறாக நினைக்க மாட்டார். ஸ்டாரில் தொடங்கும் எண்ணைப் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பும் குறியீடாக அது இருக்கலாம்.

குழந்தைக்கு வீடியோ போட்டுக் கொடுப்பதாக இருந்தால், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ் என்ற வசதியை ஆன் செய்து கொடுங்கள். அந்த ஒரு ஆப்பை விட்டு வெளியே வர முடியாது.

என் அம்மா கடையில் போனையே கொடுத்து, பின்னையும் சொல்லிவிடுகிறார். என்ன செய்வது?

எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி இது. மருந்துக் கடையில், ரீசார்ஜ் கடையில், "தம்பி, நீயே போட்டுக்கோ, ஒன்பது எட்டு..." என்று உரக்கச் சொல்லும் பெரியவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். எழுத்து சின்னதாக இருக்கிறது, கை நடுங்குகிறது, பின்னால் வரிசை நிற்கிறது. திட்டினால் போனையே தொடாமல் விட்டுவிடுவார்கள், அல்லது நம்மிடம் சொல்லாமல் அதையே செய்வார்கள்.

இதற்கு 2024 ஆகஸ்டில் வந்த யு.பி.ஐ. சர்க்கிள் நல்ல வழி. உங்கள் கணக்கிலிருந்து அம்மா பணம் கொடுக்கலாம். அவருடைய போனில் வங்கிக் கணக்கே இணைந்திருக்க வேண்டியதில்லை. முழு அனுமதி கொடுத்தால் ஒரு தடவைக்கு 5000, மாதத்துக்கு 15,000 என்பது வரம்பு, அதற்கும் குறைவாக நீங்களே வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்றும் வைக்கலாம். அவருடைய ஓய்வூதியமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை யு.பி.ஐ.யிலிருந்து எடுத்துவிடுங்கள். எழுத்தளவைப் பெரிதாக்கிக் கொடுங்கள். பாதிப் பிரச்சினை அதில் தீரும்.

ரிப்பேர் கடையில் லாக்கைச் சொல்லச் சொல்கிறார்கள்.

டிஸ்பிளே மாற்றப் பெரும்பாலும் லாக் தேவையில்லை, சோதித்துப் பார்க்கத்தான் கேட்கிறார்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் இருக்கின்றன. இயக்கினால் உங்கள் படம், மெசேஜ், ஆப் எதுவும் தெரியாமல் வெறும் போன் மட்டும் திறக்கும். அந்த வசதி இல்லாத போன் என்றால் சிம்மைக் கழற்றிக்கொண்டு, கடையில் இருந்தே வேலையை முடித்து வாங்குங்கள்.

போன் பறிபோய்விட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

துரத்தாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் பூட்டுங்கள். ஆண்ட்ராய்டு என்றால், தொலைவிலிருந்து பூட்டும் வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால், ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக் என்ற பக்கத்தில் உங்கள் போன் எண்ணைக் கொடுத்தால் திரை பூட்டிக்கொள்ளும், பாஸ்வேர்டு வேண்டாம். ஐபோன் என்றால் ஐகிளவுட் டாட் காம் ஸ்லாஷ் ஃபைண்ட். சிம்மை முடக்குவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், சிம் போனால் போனுக்கு இணையமும் போய்விடும், உங்கள் கட்டளை அதைச் சேராது. ஆனால் இரண்டு நிமிடத்தில் முடியவில்லை என்றால் விட்டுவிட்டு சிம்முக்குப் போங்கள்.

சிம்மை முடக்க, அதே நிறுவனத்தின் எண் உள்ள போனிலிருந்து 198-ஐ அழைக்கலாம். ஓ.டி.பி. நின்றுவிட்டால் பெரும்பாலான கதவுகள் மூடிவிடும். அடுத்து வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்து கார்டு, யு.பி.ஐ., நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு, நேரத்தோடு எழுதிவையுங்கள். வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி உதவி எண்கள் அங்கே நிறைய இருக்கின்றன. கார்டின் பின்புறமும் பாஸ்புக்கிலும் இருப்பதை ஒரு தாளில் எழுதிப் பர்ஸிலும் பீரோவிலும் இன்றே வையுங்கள். போன் இல்லாமலே கூகுள் கணக்கில் நுழைய உதவும் பேக்கப் கோடுகளும் அந்தத் தாளில் இருக்கட்டும். இல்லாவிட்டால் வேறு போனில் உள்ளே நுழையும்போது உறுதிப்படுத்தும் கேள்வி, பறிபோன போனுக்கே போகும்.

பணம் போயிருந்தால் 1930. இது மத்திய உள்துறையின் சைபர் நிதிமோசடி உதவி எண். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே அதை நிறுத்தி வைக்க முயல்வார்கள். அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்து ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுவதற்குள் சொன்னால்தான் பலன். சித்திக்கு ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது இதனால்தான்.

பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். அந்த நகலோடு, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் போனின் தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யைக் கொடுத்தால், வேறு எந்த சிம் போட்டாலும் அந்தப் போன் நாட்டில் எங்கும் வேலை செய்யாது. ஐ.எம்.இ.ஐ. பெட்டியின் மேலும் பில்லிலும் இருக்கும். போன் கையில் இருக்கும் இப்போதே *#06# போட்டுக் குறித்துக்கொள்வது இன்னும் நல்லது. அதே எண்ணில் புது சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. பாதுகாப்புக்காக வைத்த விதி அது, சிம் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

வங்கி "தவறு உங்களுடையது" என்று கைவிரித்தால்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த, வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் விதிகளைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வங்கியின் தவறாகவோ உங்கள் தவறாகவோ இல்லாமல் வேறெங்கோ நடந்த மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பு இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் பொறுப்பு, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். பின்னைப் பகிர்ந்தது போன்ற உங்கள் அலட்சியம் என்றால், நீங்கள் தெரிவிக்கும் வரை போனது உங்களுடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. அழைத்த நேரத்தை எழுதிவைக்கச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான் இருக்கிறது. கவுன்டரில் இருப்பவர் வாய்வார்த்தையாகச் சொல்வதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் இல்லை.

"உங்கள் போன் கிடைத்துவிட்டது" என்று மெசேஜ் வந்திருக்கிறது.

இணைப்பைத் தொடாதீர்கள். பூட்டிய ஐபோனை விற்க முடியாதவர்கள், உங்கள் புது சிம்முக்கு ஆப்பிள் பெயரில் இப்படி அனுப்பி பாஸ்வேர்டைக் கேட்பார்கள். உங்கள் கணக்கிலிருந்து அந்தச் சாதனத்தை நீக்கச் சொன்னாலும் நீக்காதீர்கள். உண்மையிலேயே கிடைத்தால் போலீஸ் அழைப்பார்கள். போனை வாங்கிய பின் சஞ்சார் சாத்தியில் தடையை நீக்கிக்கொள்ளலாம். புது சிம்மைப் போடுவதற்கு முன் போனை முழுவதுமாக ரீசெட் செய்துவிடுங்கள்.